கதவைச் சாத்தியது யார்?

பங்குனி உத்திரத்தன்று காலையில் ஸ்ரீரங்கத்தில் மட்டையடி நடக்கும். வெளியூர்த் தோழிகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அதற்குச் சில நாள் முன்பு, ஆயில்யத்தன்று, நம்பெருமாள் காவிரியைத் தாண்டி உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டுத் திரும்பியிருப்பார். விஷயம் ரங்கநாயகித் தாயாருக்குத் தெரிந்துவிடும். உத்திரத்தன்று அவர் தாயார் சன்னதிக்கு வந்தால் கதவு சாத்தப்படும். பூவும் பழமும் வெண்ணெயும் பறக்கும். மேனியில் இதென்ன கீறல், விரலில் இருந்த கணையாழி எங்கே என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும். வேட்டைக்குப் போனேன், முள் கிழித்தது, மோதிரம் தொலைந்துபோனது என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசியபிறகு கதவு திறக்கும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் சேர்த்தி. ‘பிரணய கலகம்’ என்பது இதற்குக் கௌரவமான பெயர்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த முதல் பங்குனியில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு இதைப் பார்த்தேன். என்னைச் சுற்றி நின்ற பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தெய்வமே ஆனாலும் வீடு வீடுதான் என்கிற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி மட்டும் சிரிக்காமல் என் காதருகே சொன்னார்: “தாயார் எங்கடி கதவைச் சாத்தினா? அவாளே சாத்திண்டு அவாளே தட்டறா.”

உண்மைதான். பெருமாளுக்காகப் பேசுகிறவரும் ஆண், தாயாருக்காகப் பேசுகிறவரும் ஆண். தாயாருக்கு இந்த ஊரில் ‘படிதாண்டாப் பத்தினி’ என்று பெயர். சன்னதியைவிட்டு வெளியே புறப்பாடு கிடையாது. வெளியே போகமுடியாதவளுக்குக் கிடைக்கிற ஒரே ஆயுதம் கதவு. அதையும் இன்னொருவர்தான் சாத்தவேண்டியிருக்கிறது.

தமிழில் குடும்ப நகைச்சுவை என்று நாம் வாசிப்பதில் பெரும்பகுதி இந்த மட்டையடிதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அன்றைக்குத்தான். மனைவியின் கோபம் வேடிக்கை. அது எப்படியும் தணியும். தணியும் என்று தெரிவதால் சிரிக்கலாம். அவளுடைய வசனத்தை எழுதுகிறவர் வேறொருவர்.

பெயர்களையே பாருங்கள். இந்த ஊர்த் தெருக்களில் பாட்டியிடம் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, தமிழ் உரைநடையின் வேகத்தையே மாற்றிய எஸ். ரங்கராஜன், ‘சுஜாதா’ ஆனது மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு. ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று செய்த ஏற்பாடு. அந்த ரா.கி.ர.வோடு குமுதத்தில் பணியாற்றிய ஜ.ரா. சுந்தரேசன், அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்துப் ‘பாக்கியம் ராமசாமி’ ஆனார். ஆக, நம்மை அதிகம் சிரிக்கவைத்தவர்களில் ஒருவர் மனைவியின் பெயரில் எழுதினார், இன்னொருவர் அம்மாவின் பெயரில் எழுதினார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவும் மனைவியும் தங்கள் பெயரில் ஒரு துணுக்கு எழுதி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்கமுடியவில்லை.

‘ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்’ எனக்குப் பிடித்த புத்தகம். கல்லூரிப் பேருந்தில் அதை வாசித்துச் சிரித்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்க மறந்திருக்கிறேன். அந்தப் பையனின் கண் கூர்மையானது. தனக்குத்தானே சிரித்துக்கொள்ளவும் தெரிந்தது. ஆனாலும் அது திண்ணையிலிருந்து பார்க்கும் கண். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அதற்குத் தெரிவார்கள். சமையலறையில் யார் எதற்குச் சிரித்தார்கள் என்று அதற்குக் கேட்காது. அதில் ஒரு கதையின் தலைப்பே ‘குண்டு ரமணி’. பெயருக்கு முன்னால் உடம்பு வந்து நிற்கிறது. அந்தத் தெருவுக்கு அவள் என்ன பட்டப்பெயர் வைத்திருப்பாள்?

சீதாப்பாட்டி வேறு கதை. அறுபதுகளில் குமுதத்தில் ஆரம்பித்த அப்புசாமி கதைகளில் முட்டாள்தனம் முழுக்கக் கணவர் பக்கம். மனைவிக்கு ஆங்கிலம் தெரியும், நிர்வாகம் தெரியும். பாட்டிகள் முன்னேற்றக் கழகத்துக்குத் தலைவி. வெகுஜனப் பத்திரிகையில் ஒரு கிழவிக்கு இவ்வளவு இடம் கிடைத்தது சாதாரணம் இல்லை. என் மாணவி ஒருத்தி, “மேடம், இது பெண்ணியக் கதைதானே?” என்று கேட்டாள். பாதி ஆமாம் என்றேன். பா.மு.க. என்று கேட்டவுடன் ஏன் சிரிப்பு வருகிறது? கட்சிப் பெயரைக் கேலி செய்வதால் மட்டும் இல்லை. பாட்டிகள் கூடிச் சங்கம் வைப்பார்கள் என்பதே அந்தக் காலத்து வாசகருக்கு நகைச்சுவை. இன்று எங்கள் தெருவில் மகளிர் சுயஉதவிக் குழு கூடிக் கணக்கு எழுதும்போது யாரும் சிரிப்பதில்லை. வட்டிக் கணக்கு என்றால் சிரிப்பு தானாக அடங்கிவிடும். சீதாப்பாட்டியை எனக்குப் பிடிக்கும். அவளுடைய கெட்டிக்காரத்தனத்துக்கு விலையாக அவளைக் கொஞ்சம் பகட்டுக்காரி ஆக்கவேண்டியிருந்ததே, அதுதான் பிடிக்கவில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டில் முதலில் வைப்பது நகையை. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வகுப்பில் இதைப் பத்து வருஷம் நடத்தியபிறகுதான் ஒருநாள் எனக்கு உறைத்தது. அச்சம், நாணம், மடம் என்று களவியல் பெண்ணுக்கு உரிமையாக்கும் மூன்றில் இந்த மடனும் இருக்கிறது. உரையாசிரியர்களிடம் இதற்கெல்லாம் நயமான விளக்கம் உண்டு. நானும் தேர்வுக்கு அதைத்தான் எழுதவைக்கிறேன். ஆனால் எளிமையாகப் பார்த்தால், எது உனக்கு அழகு என்று சொல்லித்தந்தார்களோ அதே பெயர்தான் சிரிப்புக்குக் காரணங்களின் பட்டியலிலும் இருக்கிறது. மிச்சம் இருப்பது எள்ளல். அது யாருக்கு உரியது என்று அங்கே எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

சென்ற ஆண்டு முதுகலை மாணவிகளிடம் இரண்டு தாள் கொடுத்தேன். ஒன்றில், வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்த ஒரு நகைச்சுவையை எழுதவேண்டும். இன்னொன்றில், பெண்கள் மட்டும் இருக்கும்போது சிரித்த ஒன்று. முதல் தாள் நிரம்பி வந்தது: பூரிக்கட்டை, புடவைக் கடை, ஊருக்குப் போகாத மாமியார், கைப்பேசியை விடாத மனைவி. வாட்ஸ்ஆப்பில் எங்கள் வீட்டுக்கு வந்த அதே சரக்கு, எழுத்துப்பிழை உட்பட. இரண்டாவது தாள் பெரும்பாலும் வெற்றாக வந்தது. சிலர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: “நிறைய இருக்கு மேடம், எழுத முடியாது.”

எழுதமுடியாது என்றால் ஆபாசம் என்று மட்டும் நினைக்கவேண்டாம். அப்பாவின் பெயர், அண்ணனின் பெயர், துறைத்தலைவரின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். நம்முடைய நகைச்சுவைக்கு ஆள் அடையாளம் உண்டு. அதனால்தான் அது அச்சுக்கு வருவதில்லை.

பாமாவின் ‘சங்கதி’ (1994) எனக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான். அதில் ஒரு நண்டுப் பாட்டு வருகிறது. நண்டுக் குழம்பை அவள் முதலில் சாப்பிட்டுவிட்டாள் என்பதற்காகப் புருஷன் அடித்த அடியைப் பெண்கள் பாட்டாக்கிவிட்டார்கள். மட்டையடியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கேயும் புருஷன் பெண்டாட்டி சண்டைதான், பாட்டுதான், சிரிப்புதான். ஆனால் பாடுகிறவள் அடிபட்டவளின் கூட்டாளி. நாளைக்குத் தானும் அடிபடக்கூடியவள். நம்மாழ்வார் வரமாட்டார். ராக்கம்மா என்கிற பெண் அடிக்க வந்த புருஷனைத் தெருநடுவில் வாயாலேயே ஓடவைப்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. கூட்டம் அவளைத்தான் ‘சீச்சீ’ என்கிறது. அவள் அன்றைக்கு அடியிலிருந்து தப்பிக்கிறாள். மெய்ப்பாட்டியலில் இந்தச் சிரிப்பை எங்கே வைப்பது? எள்ளலில் வைக்கலாம். ஆனால் கூடவே அழுகையும் வெகுளியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. என் மாணவிகளில் சிலர் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசிக்க மறுத்தார்கள். மறுக்காத ஒருத்தி வாசித்து முடித்ததும் வகுப்பு சிரித்த சிரிப்பு, பூரிக்கட்டைத் துணுக்குக்கு நான் ஒருநாளும் கேட்காத சிரிப்பு.

இவ்வளவு பேசுகிற நான் சுத்தமானவள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய ஒரு பட்டிமன்றம். ‘பெண்ணுக்கு மகிழ்ச்சி தருவது பிறந்த வீடா, புகுந்த வீடா?’ நான் பிறந்த வீட்டு அணி. கூட்டம் தூங்கி வழிந்தது. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கையில் கிடைத்ததை எடுத்து வீசினேன்: மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் என் மாமியார், ஒரே குழம்புக்கு மூன்று தடவை உப்புப் போட்டுவிட்டு மருமகளைக் குறைசொல்லும் என் மாமியார். மண்டபம் அதிர்ந்தது. நடுவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலாவது வரிசையில் மாமியார் உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் கைதட்டினார்.

ஆட்டோவில் காவிரிப் பாலம் வரும்வரை பேசவில்லை. பிறகு, “நன்னாப் பேசினே. ஒரு தடவைதான் உப்பு ஜாஸ்தியாச்சு” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு? எல்லாரும் சிரிச்சாளே” என்றார். தாயார் சார்பில் வசனம் பேசிய அந்த ஆண்களுக்கும் எனக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம் என்று இரவெல்லாம் யோசித்தேன். அவர்களாவது எழுதிவைத்த வசனத்தைச் சொன்னார்கள். நான் இரண்டு உப்பைக் கூடச் சேர்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பட்டிமன்றத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனாலும் வீட்டு ஆட்களைத் தொடுவதில்லை. அதனால் கைதட்டலும் குறைந்துவிட்டது, அழைப்பும் குறைந்துவிட்டது.

சென்ற மாதம் கல்லூரியிலிருந்து கொஞ்சம் முன்னதாகத் திரும்பினேன். பின்கட்டில் மாமியாரும் எதிர்வீட்டு மாமியும் பூக்கட்டும் அம்மாவும் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூக்கட்டும் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் நிலைப்படியில் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் பூவைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். “என்ன விஷயம்?” என்றேன். “ஒண்ணுமில்லை, காபி வெச்சுக்கோ” என்றார் மாமியார்.

காபியோடு திரும்பி வந்தபோது மறுபடியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் நிறுத்தினார்கள். என்னவென்று இன்றுவரை சொல்லவில்லை.