பழைய குட்டைக்கு மட்டும் விலக்கு ஏன்?

வாசகர்களே, ஒரு பன்றிப் பண்ணைக்கு அடுத்த வீட்டில் நீங்கள் குடியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். காற்று உங்கள் பக்கம் வீசும் நாளில் சன்னலைத் திறக்க இயலாது. கிணற்று நீரைப் பருகும்போதெல்லாம் ஐயம் எழும். அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலத்தில் பல குடும்பங்களின் நிலை இதுதான். அவர்களைக் காக்க அங்கே சட்டங்கள் இல்லாமலில்லை. இருந்தும் அவை ஏன் பயன்தரவில்லை?

1980களின் இறுதியில் சுமார் 26 லட்சமாக இருந்த அம்மாநிலப் பன்றிகளின் தொகை, பத்தே ஆண்டுகளில் 90 லட்சத்தைத் தாண்டியது. கொட்டகைக் கழிவை நீர்விட்டுக் கழுவித் திறந்த குட்டைகளில் தேக்குகிறார்கள். அங்கே காற்றின்றி வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கின்றன. குட்டையிலிருந்து அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு முதலிய வாயுக்கள் எழுகின்றன. குட்டையில் மிகும் நீரை வயல்களில் தெளித்துவிடுகிறார்கள்.

"வயலுக்கு அது உரம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். அளவோடு இட்டால் உரம்தான். ஆனால் பயிர் உண்டது போக எஞ்சும் நைட்ரஜனை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் நீரில் எளிதில் கரையும். மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே மழைநீருடன் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. நைட்ரேட் மிகுந்த நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். இதனாலேயே இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டை அனுமதிப்பதில்லை.

உடைந்த கரையும் பிறந்த சட்டமும்

1995 ஜூனில் ஒரு பண்ணைக் குட்டையின் கரை உடைந்து, ஏறத்தாழ 9.5 கோடி லிட்டர் கழிவுநீர் வெளியேறி நியூ ரிவர் என்னும் ஆற்றில் கலந்தது. மீன்கள் மடிந்து மிதந்தன. அதே ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. புதிய பண்ணை வீடுகளிலிருந்து 1,500 அடியும், பள்ளிகளிலிருந்து 2,500 அடியும் தள்ளி அமைய வேண்டும் என்றது. 1997இல் புதிய குட்டைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1999இல் 'ஃபிளாய்ட்' புயலின் வெள்ளம் பல குட்டைகளை மூழ்கடித்தது. 2007இல் அத்தடை நிரந்தரமாயிற்று. இனித் தொடங்கும் பண்ணை கழிவுநீரை வெளியே விடக்கூடாது. அம்மோனியாவையும் நாற்றத்தையும் பெருமளவு ஒழிக்க வேண்டும். நிலத்தடி நீரையும் கெடுக்கக்கூடாது.

நல்ல விதிதான். ஆனால் ஏற்கெனவே இருந்த குட்டைகளுக்கு இது பொருந்தாது! தீங்கு என்று சட்டமே ஒப்புக்கொண்ட முறை, முன்பே தொடங்கிவிட்ட ஒரே காரணத்தால் தொடர்கிறது. மாற்று முறைகள் ஆராயப்படாமல் இல்லை. பெரிய நிறுவனமொன்றுடன் 2000இல் அரசு செய்த உடன்படிக்கையின்படி அவை சோதிக்கப்பட்டன. பழைய பண்ணைகளுக்குச் செலவு கட்டுப்படியாகாது என்று 2006இல் முடிவு கூறப்பட்டது. செலவு உண்மைதான். ஆனால் குட்டையை விட்டுவைத்தால் அச்செலவு மறைந்துவிடுகிறதா? அண்டை வீட்டார் தலையில் அல்லவா விழுகிறது!

பண்ணையாளரை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. ஒப்பந்த முறையில் பன்றியும் தீவனமும் நிறுவனத்துக்குச் சொந்தம். கழிவு மட்டும் பண்ணையாளருக்குச் சொந்தம். இலாபம் போகும் இடத்துக்குப் பொறுப்பும் போகவேண்டாமா?

2018இல் நாற்றத் தொல்லைக்காக வழக்காடிய அண்டை வீட்டார் வென்றனர். அதே ஆண்டில் சட்டமன்றம், பண்ணை தொடங்கிய அல்லது அடிப்படையில் மாறிய ஓராண்டுக்குள் இத்தகைய வழக்கைத் தொடுக்கவேண்டும் என்று வரையறுத்தது. பழைய குட்டைக்கு இது இரண்டாவது விலக்கு.

கோழிக்கு விதி எங்கே?

கோழிப் பண்ணைகளின் நிலை இன்னும் விந்தையானது. உலர்ந்த எச்சத்தைக் கையாளும் பண்ணை தனி அனுமதி பெறத் தேவையில்லை. பெரிய பண்ணை கழிவுத் திட்டமொன்றை எழுதித் தன்னிடம் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் கோழி எச்சத்திலும் இருப்பது அதே நைட்ரஜன்தான்.

அடிக்கணக்கில் தூரம் குறிப்பது எளிது. ஆனால் நைட்ரேட் வேலியைப் பார்த்து நிற்பதில்லை. அண்டைக் கிணறுகளின் நீரைத் தவறாமல் சோதிப்பதும், பழைய குட்டைகளை மூடக் கெடு விதிப்பதும், செலவில் நிறுவனத்துக்கும் பங்கு வைப்பதுமே பயன்தரும் விதிகள். உங்கள் ஊரில் பண்ணைகளுக்கு விதி வகுக்கப்பட்டால், முதலில் இதைக் கேளுங்கள்: "இது பழைய பண்ணைக்கும் பொருந்துமா?"