பேரரசின் ஐந்தொகை

இராக் மீது அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுத்த 2003ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் நியால் ஃபெர்குசன் எழுதிய 'எம்பயர்' என்னும் நூல் வெளிவந்தது. சேனல் 4 தொலைக்காட்சியில் தொடராகவும் ஒளிபரப்பானது. பிரித்தானியப் பேரரசு உலகுக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்று வினவும் அந்நூல், தீமைகள் பல நிகழ்ந்திருப்பினும் நன்மைகளே விஞ்சி நிற்கின்றன என்ற முடிவுக்கு வாசகரை இட்டுச் செல்கிறது. ஆண்டுகள் பல கடந்தும் அதை இங்கே நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்நூல் கையாளும் முறையே பேரரசைப் பற்றிய பிரித்தானியப் பொதுப்பேச்சின் முறையாகவும் இருந்துவருகிறது.

நூலாசிரியருக்கு முதலில் நீதி செய்வோம். அவர் குற்றங்களை மறைப்பவர் அல்லர். அடிமை வணிகம், தென்னாப்பிரிக்க முகாம்கள், அமிர்தசரஸ் படுகொலை ஆகிய அனைத்தையும் எடுத்துரைக்கிறார். ஜப்பானியப் பேரரசும் நாஜி ஜெர்மனியும் இதனினும் கொடியவை என்று அவர் கூறுவதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், தன்னினும் கொடியவன் ஒருவன் உண்டு என்பதால் எந்தக் குற்றவாளியும் விடுதலை பெறுவதில்லை.

நம்முடைய மறுப்பு அவருடைய முறையைப் பற்றியது. வணிகர் ஐந்தொகை எழுதுவதுபோல, ஒருபக்கம் நன்மைகளும் மறுபக்கம் தீமைகளும் எழுதி மீதியைக் காண்பதே அம்முறை. அப்பேரேட்டின் பதிவுகள் சரியானவைதாமா என்று பார்ப்போம்.

நன்மைப் பக்கத்தில் வழக்கமாக முதலிடம் பெறுவது இந்திய ரயில்பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதில் முதலிட்ட பிரித்தானியப் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு ஆதாயம் உறுதியளிக்கப்பட்டது. வருவாய் குறைந்தபோது இந்திய மக்களின் வரிப்பணமே அதை ஈடுசெய்தது. இதைக் கொடை என்று பதிவது எங்ஙனம் பொருந்தும்?

அடுத்தது அடிமைமுறை ஒழிப்பு. 1833ஆம் ஆண்டுச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது உண்மை. அது சென்றடைந்தது அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்களை. விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு காசும் கிட்டவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் 1838 வரை 'பயிற்சியாளர்' என்ற பெயரில் பழைய எசமானர்களுக்கே ஊதியமின்றி உழைக்க வேண்டியிருந்தது. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் முழுமையாக அடைபட்டது 2015ஆம் ஆண்டில்தான்.

தீமைப் பக்கத்தின் நிலை இதனினும் வியப்புக்குரியது. ஃபெர்குசன் தம் இளமைக்காலத்தின் ஒரு பகுதியைக் கழித்த நாடு கென்யா. அங்கே 1952 முதல் 1960 வரை நீடித்த நெருக்கடி நிலையில், மாவ் மாவ் எழுச்சியை ஒடுக்குவதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். முகாம்களில் அடைக்கப்பட்டோர் சித்திரவதைக்கு ஆளாயினர். விடுதலை பெறும் காலனிகளில் பிரித்தானிய அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய ஆவணங்களைப் புதிய அரசுகளிடம் விட்டுச்செல்லலாகாது என்று 1961இல் அறிவுறுத்தப்பட்டது. சில எரிக்கப்பட்டன, சில கப்பலேறின. லண்டன் நீதிமன்றத்தில் கென்ய முதியவர்கள் தொடுத்த வழக்கின்போது, 2011ஆம் ஆண்டில், ஹான்ஸ்லோப் பார்க் என்னும் அரசு வளாகத்தில் 37 முன்னாள் காலனிகளின் ஏறத்தாழ 8,800 கோப்புகள் வெளிப்பட்டன. அவ்வாறாயின் 2003இல் எழுதப்பட்ட ஐந்தொகை எதன் அடிப்படையில் எழுதப்பட்டது? கடன்பட்டவரே கணக்கரும் ஆகி, சீட்டுகளில் பலவற்றை எரித்தும் எஞ்சியவற்றை ஒளித்தும் வைத்த பின்னர், மீதித் தொகையை எவ்வாறு நம்புவது?

அரசியல்வாதிகளின் சொற்களும் இக்கணக்கையே சார்ந்தவை. காலனிய வரலாற்றுக்காகப் பிரிட்டன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் காலம் முடிந்துவிட்டதாக, அப்போதைய நிதியமைச்சர் கார்டன் பிரவுன் 2005இல் ஆப்பிரிக்கப் பயணத்தின்போது கூறினார். அன்றுவரை எத்தனை முறை மன்னிப்புக் கேட்கப்பட்டது என்பதே நாம் கேட்க விரும்பும் வினா. 2013இல் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக், கென்யர் சித்திரவதைக்குள்ளானதை ஏற்று, 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு அறிவித்து, மனமார்ந்த வருத்தமும் தெரிவித்தார். அதே உரையில், சட்டப்படியான பொறுப்பைத் தம் அரசு ஏற்கவில்லை என்றும் கூறினார். 2023இல் நைரோபியில் மன்னர் சார்லஸ் உரையிலும் வருத்தம் இருந்தது; மன்னிப்பு இல்லை.

மக்கள் மனம் ஓரளவு மாறியிருப்பதை மறுக்கவியலாது. யூகவ் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில், பேரரசைப் பெருமைக்குரியதாகக் கருதியோர் 2014இல் 59 விழுக்காட்டினர். 2020இல் வெளியான கணிப்பில் 32 விழுக்காட்டினர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெருமையும் வெட்கமும் மனநிலைகள் மட்டுமே. அவை ஏறும், இறங்கும். பொறுப்பு என்பது வேறு. முகாமில் துன்புற்று முதுமையில் நீதிமன்றப் படியேறியவர், பிரித்தானியர் தம்மை எண்ணிப் பெருமை கொள்கின்றனரா, வெட்குகின்றனரா என்று கேட்கவில்லை. தமக்கு இழைத்தது இன்னது, ஆணையிட்டவர் இன்னார் என்பதை ஒப்புக்கொள்ளவே கேட்டார்.

ஒருவர் செய்த நன்மையைக் காட்டி, இன்னொருவருக்கு இழைத்த அநீதியைக் கழித்துவிட முடியாது. உரிமை பறிக்கப்பட்டவரே அதைக் கோரவும் விட்டுக்கொடுக்கவும் தகுதியுடையவர். எந்தப் பேரரசின் வரலாற்றை எழுதுவோரும், அது நம் பெருமைக்குரிய பேரரசாகவே இருப்பினும், இவ்வளவுகோலுக்கு உட்பட்டவரே. ஹான்ஸ்லோப் பார்க்கில் கிடந்த கோப்புகள் பின்னர் லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. பேரரசு நன்றா தீதா என்று வினவும் இன்னொரு நூலைவிட, அக்கோப்புகளைப் பெயர் பெயராக, முகாம் முகாமாக வாசித்து எழுதப்படும் நூல்களே இன்றைய தேவை.