ஓரம் ஒதுங்குபவரின் கணக்கு

ராணுவத் தேர்வுக்கான 1,600 மீட்டர் ஓட்டப் பயிற்சியில் தவறாகவே எடைபோடப்படும் காட்சி ஒன்று உண்டு. கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர் இரண்டாவது ரவுண்டு முடிவதற்குள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓரம் ஒதுங்குகிறார். உட்கார்ந்து ஷூவைக் கழற்றுகிறார். சாக்ஸை இறக்கிவிட்டு, கணுக்கால் குமிழிலிருந்து மேல்நோக்கி, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போகிறார். பிறகு எழுந்து நடந்தே மைதானத்தை விட்டு வெளியேறுகிறார். வேலியோரம் நிற்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் டிமிக்கி. அதே வலியோடு நொண்டியபடி நான்காவது ரவுண்டையும் முடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. இரண்டு தீர்ப்புமே தலைகீழ். அந்தக் காலை நேரத்தில் மைதானத்தில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு, ஓரம் ஒதுங்கியவருடையது.

ஷின் ஸ்பிளிண்ட் என்று பயிற்சிக் களங்களில் அழைக்கப்படும் வலி, கணைக்காலின் உள்பக்கத்தில், பெரும்பாலும் கீழ்ப்பாதியில், நீளவாக்கில் படரும். தொடக்கத்தில் உடல் சூடேறியதும் மறைந்துவிடும். ஓட்டம் முடிந்த பிறகோ மறுநாள் காலையிலோ திரும்பி வரும். இதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்ப்பவர்கள் ஏராளம். சிக்கல் தசையோடு நிற்பதில்லை, எலும்புவரை போகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடிகள். ஒவ்வொரு அடிக்கும் எலும்பு நூலளவு வளைந்து நிமிர்கிறது. பழகாத பாரம் தொடர்ந்து வந்தால் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கும். முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், அதன் பிறகே புதியதைக் கட்டும். அரிப்புக்குச் சில வாரங்கள் போதும். கட்டி முடிக்க மாதங்கள் பிடிக்கும். இடைப்பட்ட நாள்களில் அந்த எலும்பு, பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுப் புது ஓடு வேயாமல் கிடக்கும் வீடு. மழை எப்போது வேண்டுமானாலும் உள்ளே இறங்கும்.

டைமிங்கை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரங்களில் தேறிவிடும். 6 நிமிடம் 20 விநாடி எடுத்தவர் 5 நிமிடம் 50 விநாடிக்கு வந்துவிடுவார். பயிற்சி பிடித்துவிட்டது என்று தூரத்தைக் கூட்டுவார்கள். மூன்றாவது, நான்காவது வாரம் அது. மூச்சு தயாராகிவிட்ட அதே நேரத்தில் எலும்பு தன் மிக மெலிந்த நிலையில் இருக்கிறது. ஓரம் ஒதுங்கும் ஓட்டக்காரர் ஒதுங்குவதும் பெரும்பாலும் இதே வாரங்களில்தான். இதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

அந்தக் கட்டைவிரல் தேடுவது என்ன? வலி எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்பதை. நான்கு விரல்கடை அளவுக்கோ அதற்கு மேலோ பரவலாக நோகிறதென்றால் அது ஷின் ஸ்பிளிண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பாரத்தைக் குறைத்தால் வழிக்கு வரும். ஒற்றை விரல் நுனி அடங்கும் இடத்தில் மட்டும் சுரீர் என்று குத்துகிறதென்றால், படுத்திருக்கும்போதும் இரவிலும் வலிக்கிறதென்றால், எலும்பில் விரிசல் என்றே எடுத்துக்கொண்டு ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, போய் ஓடு என்ற வார்த்தையால் கெட்ட கால்கள் நிறைய. சந்தேகம் தீர எம்ஆர்ஐதான் வழி. தொடை இடுக்கில் வலி வந்தால் இன்னும் கவனம் தேவை. தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் முழு முறிவாகிவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகும், ராணுவக் கனவும் அதோடு முடியும். ஓடும்போது ஆடுசதை கல்லாக இறுகி, பாதம் மரத்துப்போவது வேறு கோளாறு. அதற்கும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

படைகளுக்கு இது புதிய செய்தி இல்லை. நீண்ட அணிநடைக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி நோவதை 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் எழுதிவைத்தார். அது எலும்பு முறிவு என்று 1897-ல் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. இஸ்ரேல் ராணுவத்தில் 295 புதிய வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 1985-ல் வெளிவந்த ஆய்வில், 31 சதவீதம் பேருக்கு எலும்பு விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இவர்கள் அத்தனை பேரையும் சோம்பேறிகள் என்று யார் சொல்ல முடியும்?

அடுத்து வருவதைப் பயிற்சி மாஸ்டர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். அமெரிக்க மரைன் படையின் புதிய வீரர்கள் பயிற்சிக் காலம் முழுவதிலும் ஓடிய மொத்தத் தூரம் 55 மைலிலிருந்து 33 மைலாகக் குறைக்கப்பட்டது. ஏறக்குறைய 88 கிலோமீட்டர் இருந்தது 53 ஆனது. எலும்பு விரிசல்கள் பாதிக்கு மேல், 54 சதவீதம், குறைந்தன. இறுதித் தேர்வான 3 மைல் ஓட்டத்தில் அவர்கள் இழந்தது ஏறக்குறைய அரை நிமிடம்தான். ஐந்தில் இரண்டு பங்கு ஓட்டத்தை வெட்டியும் வேகம் ஏறத்தாழ அப்படியே இருந்தது என்றால், வெட்டப்பட்ட அந்த மைல்கள் அதுவரை காலை உடைத்ததைத் தவிர எதற்குப் பயன்பட்டன? தினம் பத்துக் கிலோமீட்டர் ஓடவைப்பதையே பெருமையாகச் சொல்லும் மையங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஆஸ்திரேலிய ராணுவமும் சாலை ஓட்டத்தைக் கைவிட்டு, 400 முதல் 800 மீட்டர் வரையிலான விட்டுவிட்டு ஓடும் பயிற்சிக்கும், ஆழமான நீரில் ஓடுவதற்கும் மாறிப் பார்த்தது. காயங்கள் கணிசமாகக் குறைந்தன.

ஷூவும் ஸ்ட்ரெச்சிங்கும் இந்த விஷயத்தில் அளவுக்கு மீறிப் புகழப்படுகின்றன. 1,538 ஆஸ்திரேலிய வீரர்களிடம் நடந்த ஆய்வில், ஓட்டத்துக்கு முன் தசையை நீட்டி நிறுத்தும் பயிற்சி காயங்களைக் குறைக்கவில்லை. சேரும்போது இருந்த உடல் தகுதிதான் வேறுபாட்டைக் காட்டியது. பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ கொடுப்பதால் காயம் குறையவில்லை என்பதை அமெரிக்கப் படைகளின் ஆய்வுகள் காட்டின. தேய்ந்த ஷூவை மாற்றுவது நல்லதுதான். கடன் வாங்கி விலை உயர்ந்த ஷூ வாங்குவதால் மட்டும் கணைக்கால் தப்பாது.

காலடியின் நீளம் அப்படிப்பட்டதல்ல. பாதம் உடலுக்கு வெகு முன்னால், முழங்கால் விறைத்து, குதிகால் ஓங்கி விழும்படி எட்டிப்போட்டு ஓடுவது வேலியோரம் நிற்பவர்களுக்குக் கம்பீரமாகத் தெரியும். ஓரம் ஒதுங்கும் ஓட்டக்காரரின் அடி குட்டையானது. அடிக்கடி விழும், பாதம் இடுப்புக்கு நேர் கீழே இறங்கும், சத்தமும் குறைவு. அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டி நீளத்தைக் குறைத்தாலே மூட்டுகளில் இறங்கும் பாரம் குறைகிறது. ‘என்னடா எலி மாதிரி ஓடுற’ என்று கேலி செய்யப்படும் ஓட்டம்தான் அதிகக் காலம் தாங்கும். பிரிட்டிஷ் விமானப்படையில் பெண்கள் ஆண்களின் நடை நீளத்துக்கு எட்டிவைக்க வேண்டியிருந்தபோது அவர்களுக்கு இடுப்பெலும்பில் விரிசல்கள் விழுந்தன. நடை நீளத்தைக் குறைத்ததும் அவை குறைந்தன. அடுத்தவர் அடிக்குத் தன் காலை இழுத்து ஓடுவதன் விலை அது.

மைதானத்தை விட்டு நடந்து போனவர் வீட்டில் படுத்துக்கொள்வதில்லை என்பதை வேலியோரத்தார் பார்ப்பதே இல்லை. ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுக்கிறார். மாலையில் சைக்கிள். நீச்சல் தெரிந்தவர் என்றால் ஊர்க் கிணறே பயிற்சிக்கூடம். தரை எட்டாத ஆழத்தில், கூடவே ஒருவரை வைத்துக்கொண்டு, நின்றபடி ஓடுவதுபோல் கைகால்களை இயக்குகிறார். மூச்சுக்கு முழு வேலை, எலும்புக்கு அடியே விழுவதில்லை. படிக்கட்டு ஓரத்தில் குதிகாலை உயர்த்தி இறக்கி ஆடுசதையை வலுவாக்குகிறார். நடக்கும்போது வலி இல்லை, அழுத்தினாலும் நோகவில்லை, ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தாலும் ஒன்றும் இல்லை என்றான பிறகே, ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மண் தரையில் மீண்டும் தொடங்குகிறார். தார்ச்சாலையின் ஓரச் சரிவில் ஒரே பக்கமாக ஓடுவதை விட்டுவிட்டார். வலி மாத்திரை போட்டு ஓடுபவரால் இதில் எதையும் செய்ய முடியாது; கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டிய சேதியை அந்த மாத்திரை மறைத்துவிடுகிறது.

சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றிப் பேசுவது ஓட்டக்காரர்களுக்குச் சலிப்பு. ஆனால் எலும்பு கட்டப்படுவது அங்கேதான். அமெரிக்கக் கடற்படையில் பயிற்சி பெற்ற பெண்களுக்குத் தினமும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்தபோது எலும்பு விரிசல் 20 சதவீதம் குறைந்தது. கேழ்வரகு, மோர், நெத்திலி ஆகியவை தட்டில் இருக்க வேண்டியது அதனால்தான். எடை குறைக்க வேண்டும் என்று பட்டினியோடு ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினால், அது எலும்பு விடுக்கும் எச்சரிக்கை. இஸ்ரேல் ராணுவம் அணிநடையைக் குறைத்து, குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தை உறுதி செய்த பிறகு விரிசல்கள் பெருமளவு குறைந்தன. இரவு பன்னிரண்டு வரை போன், காலை நாலரைக்கு விசில் என்ற பழக்கத்தை எந்தக் காலும் தாங்காது.

இனி நடக்கப்போவதைக் கணிக்கலாம். அக்னிவீர் தேர்வில் 2023 முதல் எழுத்துத் தேர்வு முதலிலும் உடல் தகுதித் தேர்வு பிறகும் வருகிறது. புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள், முடிவு வந்த மறுநாளே 5 நிமிடம் 30 விநாடியைத் துரத்தத் தொடங்குவார்கள். முழு 60 மதிப்பெண் அதற்குத்தானே. அவர்களில் பலருக்கு மூன்றாவது வாரத்தில் கணைக்கால் நோகும், நான்காவது வாரத்தில் பாதிப் பேர் மாத்திரையோடு ஓடுவார்கள். தேர்வு மைதானத்தில் முதல் ரவுண்டை 75 விநாடியில் பறப்பவர்கள் பெரும்பாலும் இவர்களாகவே இருப்பார்கள்; மூன்றாவது ரவுண்டில் அடி நீண்டு, தோள் ஏறி, குதிகால் சத்தம் கேட்கும். குட்டை அடிக்காரர் அப்போது கூட்டத்தின் நடுவில் இருப்பார். ரவுண்டுக்கு 82 விநாடி என்று நான்கையும் ஒரே மாதிரி ஓடினால் 5 நிமிடம் 28 விநாடி. அவர் அந்தக் கணக்கில்தான் வருவார்.

உண்மையான வித்தியாசம் அதற்குப் பிறகு, பயிற்சி மையத்தில் தெரியும். அங்கே பூட்ஸ், முதுகில் பாரம், பரேடு மைதானத்தின் கெட்டித் தரை, 5 கிலோமீட்டர் ஓட்டம் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். பேட்ச் தள்ளிப்போய்விடுமோ என்ற பயத்தில் வலியை மறைத்தவர்கள், எட்டாவது வாரத்துக்குள் அந்தப் பயத்தாலேயே பின்னுக்குத் தள்ளப்படுவார்கள். ஓரம் ஒதுங்கிப் பழகியவர் வலியின் முதல் வாரத்திலேயே சிக் ரிப்போர்ட் போடுவார், நாலு நாள் கேலியைத் தாங்குவார், தன் பேட்சோடு பாசிங் அவுட் பரேடில் நடப்பார்.