ஆசிரியப் பயிற்சிக் கொள்கையும் தொண்டர் ஆசிரியரும்

தேசியக் கல்விக் கொள்கைகளை அவற்றின் இலட்சிய வாசகங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடும் போக்கு நம்மிடையே நிலவுகின்றது. இலங்கையின் 1986ஆம் ஆண்டு 30ஆம் இலக்கக் கல்வியியற் கல்லூரிகள் சட்டத்தையும் பலர் அவ்வாறே நோக்கினர். முதலிற் பயிற்சி, பின்னரே நியமனம் என்பது அதன்வழி அமைந்த ஏற்பாட்டின் அடிப்படை; ஈராண்டு விடுதியிலிருந்து கற்றல், ஓராண்டு பாடசாலையிற் கட்டுறுப் பயில்வு. இதன் முற்போக்குத் தன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆயின், அது எத்தகைய சமூகத் தளத்தில் இயங்க நேர்ந்தது? 1987இற் பதின்மூன்றாம் திருத்தம் தேசிய பாடசாலைகள் நீங்கலான ஏனையவற்றை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. கல்லூரிகளோ மத்திய அமைச்சின் கீழேயே நின்றன. பயிற்றுவிப்பது ஒரு கை, வேலைக்கமர்த்துவது மறு கை. இடையிலே போர்.

அன்புவழிபுரம் அமைந்துள்ள திருகோணமலை மாவட்டம் உட்பட வடக்குக் கிழக்கெங்கும் வெற்றிடங்களைத் தாங்கியோர் தொண்டர் ஆசிரியரே. ஊதியமின்றியோ அற்பத் தொகைக்கோ ஆண்டுக்கணக்கிற் கற்பித்து, நிரந்தர நியமனம் கோரி வீதியிலும் இறங்கினர். நியமனம் கிட்டியோருக்கும் பயிற்சி அதன் பின்னரே வந்தது. கொள்கையின் வரிசை தலைகீழாயிற்று.

இதனை நிர்வாகக் குறைபாடு என்பது (அதிகாரிகளுக்கு மிக வசதியான சொல்) போதாது. மலிவான உழைப்புக் கிடைக்கும்வரை பயிற்சிக்குச் செலவிடும் நிர்ப்பந்தம் அரசுக்கு எழுவதில்லை. மலையகத்தில் ஆசிரிய உதவியாளர்களை 6,000 ரூபா மாதக் கொடுப்பனவிற்குச் சேர்த்தமையும் இத்தர்க்கத்தின் விளைவே. கல்லூரி மாணவரின் ஓராண்டு வகுப்பறை அனுபவத்தைக் கற்கையாக ஏற்கும் கொள்கை, தொண்டராக நின்றோரின் பல்லாண்டு அனுபவத்தையும் பயிற்சிக் காலத்திற் கணக்கிட வேண்டுமென நாம் கருதுகின்றோம்.