மேரி பிரின்ஸின் சாட்சியும் பதிப்பாசிரியரின் கத்தரியும்

அடிமை ஒழிப்பைப் பற்றிப் பேசுமிடத்து வில்பர்ஃபோர்ஸ் போன்றோரின் பெயர்களே முன்னிற்கின்றன; அடிமைகளாயிருந்தோர் தாமே கூறியவை பின்னிணைப்புகளாகக் கருதப்படுகின்றன. 1831-இல் இலண்டனில் வெளிவந்து, அவ்வாண்டிலேயே மூன்று பதிப்புகள் கண்ட 'மேரி பிரின்ஸின் வரலாறு' இம்மனப்பாங்குக்குத் தக்க மறுப்பாகும். பிரித்தானியாவில் அச்சேறிய, கறுப்பினப் பெண்ணொருவரின் முதல் வாழ்க்கை வரலாறு இதுவே.

பெர்முடாவில் பிறந்த மேரி, பன்னிரண்டு வயதளவில் தாயின் கண்முன்னே தங்கையருடன் ஏலத்தில் விற்கப்பட்டார். டர்க்ஸ் தீவின் உப்பளங்களில் உப்புநீரில் நின்று, கால்கள் புண்ணாகும்படி உழைத்தார். பின்னர் ஆன்டிகுவாவில் ஜான் வுட் என்பவரின் உடைமையானார். 1828-இல் எஜமானருடன் இலண்டன் வந்து, அவர் வீட்டைவிட்டு வெளியேறினார்.

திருச்சபையார் ஊன்றிப் படிக்கவேண்டியது ஆன்டிகுவாப் பகுதியாகும். 1817-இல் அவருக்குத் திருமுழுக்கு அளித்த ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், எஜமானரின் எழுத்துமூலமான இசைவின்றி அவரை ஞாயிறு பள்ளியில் சேர்க்க மறுத்தார். கேட்டாலும் கிடையாதென்று எண்ணி மேரி அதைக் கேட்கவேயில்லை. திருமுழுக்குத் தொட்டியருகே சகோதரியாயிருந்தவர், பள்ளி வாயிலில் பிறருடைய உடைமையாகிவிட்டார்! பின்னர் மொரேவியப் பெண்களிடமே அவர் படிக்கக் கற்றார். 1826-இல் டானியல் ஜேம்ஸ் என்னும் விடுதலைபெற்ற கறுப்பரை மொரேவிய ஆலயத்தில் மணந்தார். அதற்காக வுட் அவரைச் சாட்டையால் அடித்தார்.

இந்நூலை மேரி தம் கையால் எழுதவில்லை. அவர் கூறச் சுசன்னா ஸ்டிரிக்லண்ட் எழுதினார். அடிமை ஒழிப்புச் சங்கச் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் அதைச் செப்பனிட்டார். 1833-இல் வுட் தொடுத்த அவதூறு வழக்கில் மேரி சாட்சி கூறினார். திருமணத்திற்கு முன் கேப்டன் ஒருவருடன் வாழ்ந்ததையும் எழுதியவரிடம் தாம் சொல்லியிருந்ததாக அப்போது தெரிவித்தார். நூலிலோ அச்செய்தி இல்லை.

பிரிங்கிளின் இக்கட்டை நாம் எளிதாக மதிப்பிடலாகாது. எதிர்தரப்பார் குற்றங்காணக் காத்திருந்தனர். அவர் முயற்சியின்றி மேரியின் குரல் நமக்கு எட்டியுமிராது. எனினும் இந்நீக்கம் ஆபத்தான கொள்கையொன்றை ஒப்புக்கொள்கிறது: துன்புற்றவள் மாசற்றவளாயிருந்தாலன்றி அவள் சொல் நம்பத்தக்கதன்று என்பதே அது. அடிமையுடைமையாளரின் வாதமும் இதுவேயன்றோ? அடிமைத்தனம் தீமை என்பது அடிமையின் நன்னடத்தைச் சான்றைச் சார்ந்ததன்று.

இங்கு யோவான் நற்செய்தியாளர் சிறந்த பதிப்பாசிரியராக விளங்குகிறார். சமாரியப் பெண்ணின் ஐந்து கணவர்களைப் பற்றிய செய்தியை அவர் மறைக்கவில்லை. அவள் சாட்சியினால் அவ்வூரார் பலர் விசுவாசித்ததையும் உடன் வைத்தே கூறுகிறார்.

வழக்கில் வுட் வென்றார். அதே 1833-இல் நிறைவேறிய ஒழிப்புச் சட்டம் உடைமையாளருக்கு 2 கோடி பவுன் ஈட்டுத்தொகை ஒதுக்கிற்று. விடுவிக்கப்பட்டோருக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. அவ்வாண்டுக்குப் பின் மேரியைப் பற்றி ஏடுகள் மௌனமாகின்றன. ஒடுக்கப்பட்டோரின் கதைகளைப் பிரசங்க பீடத்தில் எடுத்துரைக்கும் நாம், கேட்போர் முகஞ்சுளியாதிருக்க எவற்றைக் கத்தரிக்கிறோம் என்பதை இந்நூல் நம்மிடம் வினவுகிறது.