பாரதி சாலையில் ஒரு பைண்டு

அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் படியேறினால் உயர்ந்த கூரையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பதித்த தரையும் கண்ணைக் குளிர்விக்கும். 1844இல் தொடங்கிய கடை. கட்டடம் 1904இல் எழுந்தது. சென்னையில் புத்தகம் தேடிப் புறப்படுபவர் முதலில் மிதிக்க வேண்டிய தரை அதுதான். ஆனாலும் என் மனம் கிடப்பது திருவல்லிக்கேணி நடைபாதையில்.

பைகிராப்ட்ஸ் ரோடு என்று மூத்தவர்கள் இன்றும் சொல்லும் பாரதி சாலை அது. 1921இல் பாரதி கண்மூடிய வீடு இதே பேட்டையில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். அவர் பெயர் தாங்கிய சாலையோரத்தில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடப்பது எத்தனை பொருத்தம்!

அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுக்கின் அடியிலிருந்து ஒரு பைண்டை உருவுங்கள். அச்சகத்தில் பிறந்த புத்தகமல்ல இது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வ'னை யாரோ ஒருவர் இதழ் இதழாகக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டி உருவாக்கிய பொக்கிஷம். தையலை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வாரமும் விட்டுப்போகாமல் காத்த கையின் பொறுமை அதில் முடிச்சு முடிச்சாக நிற்கிறது.

மெல்லத் திறந்தால் தொடருக்குப் படம் வரைந்த மணியத்தின் ஓவியம். குதிரை மேல் வந்தியத்தேவன். ஒயிலான கோடுகளில் கொண்டை முடிந்த பெண்கள். இந்தப் படங்கள் இல்லாமலே பின்னாளில் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. கதையைத் தூக்கிச் சுமந்த கோடுகள் இவை. இங்கே கதையோடு ஒட்டியே வாழ்கின்றன. அத்தியாயம் முடிந்த பக்கத்தின் மூலையில் அந்நாளைய விளம்பரம் ஒன்றும் ஒதுங்கி நிற்கும். அதையும் வெட்டி எறிய அந்தக் கைக்கு மனம் வரவில்லை.

இன்னும் உற்றுப் பாருங்கள். ராமபாணப் பூச்சி துளைத்த மெல்லிய வழி, தாள் தாளாக ஊடுருவிப் போகிறது. முதல் பக்கத்தில் நீல மையில், சாய்ந்த எழுத்தில் ஒரு பெயர், கீழே ஊர். அந்த 'ழ'கரத்தின் வால் சுழிப்பில்தான் என்ன நிதானம்!

திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் வெயில் தாழ்ந்தபின் போங்கள். பைண்டு கிடைத்தால் விலை கேட்குமுன் முதல் பக்கத்துப் பெயரை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.