குமாரமங்கலம் என்றொரு குடும்பப் பெயர்

இங்கிலாந்தில் வாஷிங்டன், லிங்கன் எல்லாம் முதலில் ஊர்கள். பிறகுதான் குடும்பப் பெயர்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலமும் அப்படித்தான். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயன் அவ்வூர் ஜமீன்தார். நம் வழக்கப்படி அவருக்குத் தலைப்பெழுத்தே போதுமாயிருந்தது. மகன்களுக்கோ ஊரே பெயரின் கடைசியில் வந்து உட்கார்ந்தது: மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம், 1966இல் தரைப்படைத் தளபதியான பி.பி. குமாரமங்கலம். எனக்கு மிகப் பிடித்தது தளபதியின் முழுப்பெயர்தான். பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்! முன்னால் தாத்தா, பின்னால் ஊர், நடுவில் அவர். எத்தனை நிறைவான பெயர்! சுப்பராயனின் மகள் மட்டும் கணவர் பெயரோடு பார்வதி கிருஷ்ணன் ஆனார். மோகனின் மகன் ரங்கராஜன் 1984இல் சேலம் தொகுதியில் வென்றார். டெல்லிக்குக் குமாரமங்கலம் குடும்பப் பெயர். சேலத்துக்காரர்களுக்கோ பஸ்ஸில் போய்வருகிற ஊர்.